எங்கள் வீட்டைத் தத்தெடுத்த மாணவி

1

ஏப்ரல் மாதத்து மதிய வெயில். தார் ரோடு. என் இடது கால் செருப்பு கழன்று நடுவழியில் கிடந்தது. நான் மட்டும் நடந்துகொண்டே இருந்தேன். பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். பின்னாலிருந்து "அங்கிள்" என்று ஒரு குரல். திரும்பினால், வெள்ளைக் கோட்டு போட்ட பெண்பிள்ளை என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள்.

"செருப்பு கழண்டது தெரியலையா அங்கிள்?"

"தெரியும். வேணும்னுதான் விட்டேன்" என்றேன்.

ஐம்பத்து மூன்று வயது மனிதன் சொல்லக்கூடிய பொய்யா இது? எந்த மடையன் கொதிக்கிற ரோட்டில் வேண்டுமென்றே செருப்பை விட்டுவிட்டு நடப்பான்? அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன சனிக்கிழமை அது ஒரு முடிவுக்கு வந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதிவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைக்கிறேன்.

2

நான் கோவில்பட்டிக்காரன். ஹைதராபாத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். ஹைதராபாத் என்றுதான் ஊரில் சொல்லிக்கொள்கிறேன். இருப்பது பட்டான்செருவையும் தாண்டி. மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து செய்வது வேறு ஆட்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எதை எவ்வளவு கொட்டினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற காகிதங்கள் என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர்கள் வருவார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பு சுவருக்குப் பெயின்ட் அடிப்போம், ஆட்களுக்குப் பதில் சொல்லப் பழக்குவோம். வந்தவர் மகிழ்ச்சியாகப் போக வேண்டும். அதுதான் என் பிழைப்பு.

இரண்டு வருடம் முன்பு ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் பேருந்து எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. சுற்றிலும் அபார்ட்மென்ட் முளைத்துவிட்டாலும் காகிதத்தில் நாங்கள் இன்னும் கிராமப் பஞ்சாயத்துதான். அதனால் கல்லூரிக்காரர்களுக்கு நாங்கள் கிராமவாசிகள். எங்கள் வாசலுக்கு வந்த பெண் பெயர் ஸ்ரவந்தி. கரீம்நகர்ப் பக்கம். முதல் ஆண்டு எம்.பி.பி.எஸ். அவள் பேசியதெல்லாம் தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"உங்க குடும்பத்தைத் தத்தெடுக்க வந்திருக்கேன் ஆன்ட்டி" என்றாள்.

என் மனைவி ஜெயா மிரண்டுபோய் என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. நம்மளத் தத்தெடுக்க வந்திருக்காம் இந்தப் பிள்ளை. நமக்கென்ன நாதியில்லையா?"

பிறகு கூட வந்த பேராசிரியை அம்மா விளக்கினார். மருத்துவப் படிப்பின் பாடத்திட்டம் மாறிவிட்டதாம். முன்பெல்லாம் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை முதல் வருடம் பிணத்தோடும் புத்தகத்தோடும் முடங்கிக் கிடக்கும். உயிருள்ள மனிதர்களைப் பிறகுதான் பார்க்கும், அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது. இப்போது முதல் ஆண்டிலேயே ஆளுக்குச் சில குடும்பங்களைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்றாம் ஆண்டுவரை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், யாருக்கு என்ன நோய், மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். இதற்குப் பெயர் குடும்பத் தத்தெடுப்பு. நான் பேராசிரியையை உட்காரச் சொன்னேன். என் தெலுங்கு ஷிஃப்ட் ஆட்களிடம் கற்றது. அதில் மரியாதை கிடையாது. "நுவ்வு கூச்சோ" என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். இன்டர்மீடியட், அதாவது நம்ம ஊர் பிளஸ் ஒன், சேரவிருந்த என் மகள் ஜெனி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்ரவந்தி படிவத்தை விரித்தாள். தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு, உருது, இந்தி, இதர என்று நான்கு கட்டம். நாங்கள் 'இதர'. ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூடம் என்று பத்தொன்பது வருடமாக எந்தப் படிவத்திலும் எங்களுக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான்.

படிவத்தைக் கண்டதும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இது ஆடிட். இந்தப் பிள்ளைக்கு மார்க் போடுவார்கள். நாம் நோயும் நொடியும் அழுக்குமாக இருந்தால் அவளுக்குத்தானே கெட்ட பெயர்? ஜெயாவிடம் தமிழில் சொன்னேன். அவளும் பிடித்துக்கொண்டாள். "பாவம், சின்னப் பிள்ளை. நம்மால மார்க்கு கொறஞ்சிரக் கூடாதுல்லா" என்றாள்.

அப்புறம் பாருங்கள் எங்கள் திறமையை. கேன் தண்ணீரை அப்படியே குடிக்கிறவர்கள் காய்ச்சி ஆற்றிக் குடிக்கிறோம் என்றோம். தினமும் கீரை என்றோம். காலையில் நடைப்பயிற்சி என்றோம். பிரஷர்? நில், அதாவது இல்லை. சர்க்கரை? நில். அந்த 'நில்' என்பதை நானே அவள் பேனாவை வாங்கி அழகாக எழுதிக் கொடுத்தேன். அவள் "தேங்க்யூ அங்கிள்" என்று பூரித்துப்போனாள்.

மற்றப் பொய்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னவை. சர்க்கரைப் பொய் மட்டும் என்னுடையது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, வந்த சீட்டைப் பார்த்துவிட்டு, அதை ஆலையில் என் மேசை டிராயரில் பழைய ஃபைல் ஒன்றுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆலையில் வருடத்துக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை உண்டு. அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சோற்றைப் பாதியாக்கி, டீயில் சர்க்கரையை விட்டு, ரத்தம் எடுக்கும் காலையில் எல்லையை ஒட்டித் தப்பித்துவிடுவேன். அதுவும் ஆடிட்தானே.

3

ஸ்ரவந்தியின் பையைப் பார்த்தே அவள் எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். முதல் ஆண்டில் படிவமும் எடை பார்க்கும் மெஷினும் மட்டும். இரண்டாம் ஆண்டில் ஸ்டெதஸ்கோப்பும் பிரஷர் கருவியும் சேர்ந்துகொண்டன. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன மருந்து என்று சொல்லத் தொடங்கினாள். மூன்றாம் ஆண்டில் பை இளைத்துவிட்டது. வந்ததும் எதையும் வெளியே எடுக்காமல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அதுதான் எனக்கு வினையாயிற்று.

ஜெனியை எம்.பி.பி.எஸ். சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ஸ்ரவந்தி வரும்போதெல்லாம் அவளைக் குடைவேன். என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில பயிற்சி. முதல் வருஷம், நல்லா இருக்கிற உடம்பு எப்படி இருக்கும்னு படிக்கணும் அங்கிள். ரெண்டாவது, அது எப்படிக் கெட்டுப்போகுது, எந்த மருந்து என்ன செய்யும்னு. அதுக்கப்புறம் ஊரு, வீடு, சட்டம். கடைசியில மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தைங்க."

"அப்போ பேஷன்ட்?"

"முதல் நாள்லேருந்தே" என்றாள்.

அவளிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எதைப் பார்த்தாள், எதைச் செய்தாள், எதை ஆசிரியர் முன் தானே செய்து காட்டினாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. எனக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம், எங்கள் ஆலைக் காகிதம் போலவே இருந்தது. முதல் பக்கத்தில் படிப்பின் குறிக்கோள்கள். இந்தப் படிப்பை முடிக்கிறவர் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவராக, குழுவை நடத்தக்கூடியவராக, பேசவும் கேட்கவும் தெரிந்தவராக, சாகும்வரை படிப்பவராக, தொழில் நெறி தவறாதவராக இருக்க வேண்டுமாம்.

"எங்க ஆலை வாசல்லயும் இப்படித்தான் பித்தளையில எழுதி மாட்டியிருக்கான். தினம் துடைக்கிறான், யாரும் படிக்கிறதில்லை" என்று கேலி செய்தேன்.

"பேசவும் கேட்கவும்னு போட்டிருக்கே, அதுக்குத் தனி வகுப்பு இருக்கு அங்கிள்" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு பக்கம் எழுதணும். என்ன நடந்தது, அதனால என்ன, இனி என்ன. மூணே கேள்வி."

ஜெனி அவளோடு தெலுங்கில் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னிடம் பேச்சு ஆங்கிலத்தில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. நான் தமிழில் கேட்டால் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது. அப்பா என்ற சொல்லை அவள் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். அதன்பின் நான் டாடி. எழுத்து சுத்தமாகத் தெரியாது. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை ஜெயா அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

4

செருப்பு கழன்றதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். என் அண்ணனுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அண்ணன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் சூப்பர்வைசர், சர்க்கரைக்காரன். பஸ்ஸில் ஏறியபிறகு "ஏல, என் செருப்ப எங்கல?" என்று கேட்பான். கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தி, யாராவது இறங்கி எடுத்து வருவார்கள். வீட்டில் அது ஒரு சிரிப்புக் கதையாகவே ஓடியது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கால் கட்டைவிரலில் ஒரு புண். நான் இங்கிருந்து லீவு எழுதிக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தபோது விரல் கறுத்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். காலையில் புரொபசர் வருவார், பின்னால் மாணவர்கள் கூட்டமாக. அண்ணனின் காலை நடுவில் வைத்துப் பாடம் நடக்கும். புரொபசர் கேள்வி கேட்பார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் டக் டக்கென்று பதில் சொல்வார்கள். எல்லாம் சரியான பதில்களாகத்தான் இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவ்வளவு பேரில் ஒருவர்கூட அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்கள் போனதும் அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"என்னல சொல்லுதாவ?"

நான் வேதியியல் படித்தவன். 'முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடணும்' என்று அவர்கள் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லண்ணே. மருந்து மாத்துதாவ" என்றேன்.

மறுநாள் காலை அவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தான்.

எங்கள் ஆலையில் மூட்டை மூட்டையாகச் செய்து அனுப்புவது சர்க்கரை நோய்க்கான மருந்தின் மூலப்பொருள். நான்கு வருடமாக என் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போனதில்லை. அதில் ஒரு மாத்திரைகூட என் வாய்க்குள் போகவில்லை. மாத்திரை வாங்கினால் சீட்டு வரும், சீட்டு வந்தால் ஜெயா பார்ப்பாள், பார்த்தால் அண்ணன் கால் ஞாபகம் வரும், அவளுக்கு அல்ல, எனக்கு. முட்டாள்தனம்தான். அதை முட்டாள்தனம் என்று தெரிந்துகொண்டே செய்தேன்.

5

அன்று ரோட்டில் ஓடிவந்த ஸ்ரவந்தி குனிந்து செருப்பை என் காலருகில் வைத்தாள். டாக்டராகப் போகிற பெண், என் மகளைவிடச் சில வயதே மூத்தவள், என் செருப்பை வைக்கிறாள். கூசிப்போனது.

"எத்தனை நாளா இப்படி அங்கிள்? சர்க்கரை எப்போ பார்த்தீங்க?"

"நீ இன்னும் டாக்டர் ஆகல. ஆனப்புறம் வந்து கேளு" என்று கத்திவிட்டேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "சரி அங்கிள். ஆன்ட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஜெனிகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க." சொல்லிவிட்டுப் பேருந்தை நோக்கி நடந்துவிட்டாள்.

நான் நம்பவில்லை. ஜெயாவின் போன் அடிக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஜெனி மொபைலைப் பார்த்துச் சிரித்தால் ஸ்ரவந்திதான் ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். ஆலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் இரண்டு செருப்பும் இருக்கின்றனவா என்று நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "கியா கோ கயா பாய்?" என்றார், என்ன தொலைந்தது என்று. பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். குதிகாலில் கறுப்பாக ஒரு பொருக்கு. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் போயிற்று. வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தொழில் நெறி என்று அந்த முதல் பக்கத்தில் போட்டிருந்ததை நான் பித்தளைப் பலகை என்று கேலி செய்தேனே, அது நினைவுக்கு வந்து உறுத்தியது.

6

போன சனிக்கிழமை அவளுக்கு எங்கள் வீட்டில் கடைசி வருகை. குடும்பக் கோப்பை முடித்துப் பேராசிரியையிடம் கொடுத்தால்தான் அவள் புத்தகத்தில் கையெழுத்து விழும். ஜெயா டீ போட உள்ளே போனாள். ஜெனி நீட் தேர்வுக்கான நோட்டில் தவளையின் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஸ்ரவந்தி கோப்பை என் முன்னால் வைத்து மெதுவாகச் சொன்னாள். "ஒரு கட்டத்தை மட்டும் எழுதாம விட்டிருக்கேன் அங்கிள். முதல் வருஷம் 'நில்'னு இருக்கு. இந்த வருஷமும் நில்னு எழுத எனக்கு மனசு வரல. வேற எழுதவும் உங்க அனுமதி இல்ல. மேடம்கிட்ட பேர் சொல்லாம கேட்டேன். காலியா விடு, அவரையே கேளுன்னாங்க."

"காலியா கொடுத்தா கையெழுத்துப் போடுவாங்களா?"

"மாட்டாங்க. மறுபடி செய்யச் சொல்லுவாங்க. பர்வாலேது அங்கிள், செஞ்சுக்கறேன்."

பத்தொன்பது வருடமாகக் காலிக் கட்டத்தைக் கண்டால் ஆட்களை நிற்கவைத்துக் காய்ச்சியவன் நான். இங்கே ஒரு பிள்ளை, பொய் எழுத மாட்டேன் என்று தன் கட்டத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முந்தைய பக்கத்தில் என் அழகான கையெழுத்தில் 'நில்'.

"பேனா கொடு" என்றேன்.

எங்கள் தொழிலில் தப்பைத் திருத்த ஒரு முறை இருக்கிறது. ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி, பிறகு திருத்தியதற்குக் காரணம். நான் 'நில்' மேல் கோடு இழுத்தேன். 'உண்டு, நான்கு வருடம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். காரணத்துக்கு வந்ததும் கை நின்றது. ஆலையில் எல்லோரும் 'எழுத்துப்பிழை' என்று எழுதித் தப்பிப்பார்கள். நானும் எத்தனையோ தடவை அதை ஒப்புக்கொண்டு விட்டிருக்கிறேன்.

தமிழில் ஒரு சொல் எழுதினேன்.

ஜெயா டீத்தட்டோடு வந்து நின்றாள். ஜெனி எட்டிப் பார்த்து, "வாட் இஸ் தட், டாடி? ஏமி ராசாரு?" என்றாள். என்ன எழுதினீர்கள் என்கிறாள். அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஜெயா தட்டை வைத்துவிட்டுக் கோப்பை எடுத்தாள். மேலிருந்து படித்தாள். நான்கு வருடம் என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அப்புறம் கடைசிச் சொல்லை வாய்விட்டுப் படித்தாள்.

"பயம்."

தெலுங்கிலும் அதற்கு அதே சொல்தான். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கிட்டயுமா?" என்றாள் ஜெயா. "எங்கிட்டயுமா மறச்சிய?"

ஸ்ரவந்தி எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தாள். இது முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது, நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகினோம் என்றாள். திங்கட்கிழமை காலை கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நான் கட்டாயம் வர வேண்டும், தன் ஆசிரியர்தான் பார்த்து முடிவு சொல்லுவார், இது சும்மா ஒரு சோதனைதான் என்றும் சொன்னாள்.

"கண்ண மூடிக்கோங்க அங்கிள். கால்ல பஞ்சு படும்போது 'ஆ'ன்னு சொல்லுங்க. எல்லா இடத்துலயும் தொடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். ஜெயா மூக்கை உறிஞ்சினாள். நான் முழுக்கவனத்தையும் காலில் வைத்துக் காத்திருந்தேன். ஆடிட்டில் பதில் சொல்லத் தயாராக நிற்பதுபோல வாயை அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தேன். ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு தாமதிக்கிறாள்?

"சரி, ஆரம்பிம்மா" என்றேன்.

பிறகு என் தோளில் ஒரு கை விழுந்தது. ஜெனியின் கை. அவள் குரல் உடைந்திருந்தது.

"தொட்டுக்கிட்டேதான் இருக்காங்கப்பா" என்றாள்.